காப்புரிமை முடியும் தேதிக்கு ஒரு நாட்காட்டி

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துப் பட்டியலை முடிவுசெய்யும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில், ஒரு தாலுகா ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.பார்ம் படித்தவன். நான் கேட்கப்போவது நடந்தால் என் கடை வியாபாரம் கொஞ்சம் அடிவாங்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் இதில் உள்நோக்கம் தேடி யாரும் சிரமப்பட வேண்டாம்.

ஒரு மருந்தின் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் இருக்கும். எந்த மாதம், எந்த நாளில் முடியும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதே மருந்தைத் தங்கள் பெயரில் மலிவாகச் செய்து விற்கும் ஜெனரிக் கம்பெனிகள் அந்தத் தேதியைச் சுவரில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு வேலை பார்க்கின்றன. காப்புரிமை உயிரோடு இருக்கும்போதே சோதனைக்கும் அரசு அனுமதிக்கும் தேவையான அளவு மருந்தைச் செய்துகொள்ள நம் காப்புரிமைச் சட்டத்தின் 107ஏ பிரிவு இடம் தருகிறது. ஆகவே தேதி வரும்போது மூலப்பொருள் தயார், உரிமம் தயார், அட்டைப்பெட்டிகூட அச்சாகித் தயார். மறுநாள் சரக்கு வண்டியில் ஏறிவிடும். அதே வாரத்தில், அதே மருந்து, அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதற்கு என்னென்ன செய்யலாம் என்று ஒரு கடைக்காரனுக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

2025 மார்ச் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் காப்புரிமை அன்று முடிந்தது. அதற்கு முந்தைய வாரமே ஸ்டாக்கிஸ்டுகளின் வாட்ஸ்அப் குழுவில் விலைப்பட்டியல் வரத் தொடங்கிவிட்டது. மறுநாளிலிருந்து ரெப்கள், அதாவது மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள், வரிசை கட்டினார்கள். சாதாரணமாக மதியம் மூன்று மணிக்குக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். அந்த வாரம் மூன்று ரெப்கள் ஒரே நேரத்தில் கவுன்டரில் நின்று, மூன்று பேரும் ஒரே மருந்தை வேறு வேறு பெயரில் காட்டினார்கள். ஒருவர் பத்துக்கு இரண்டு இலவசம் என்றார், இன்னொருவர் பத்துக்கு மூன்று என்றார். அதுவரை ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய். இப்போது ஐந்தரை ரூபாயில் தொடங்கி விதவிதமான விலையில். ஒரு மாதத்துக்குள் நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட பிராண்டுகள் வந்துவிட்டன.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருக்கிறார். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று தனியார் மருத்துவர் இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்திருந்தார். மாதம் 1,800 ரூபாய் இந்த ஒன்றுக்கு மட்டும். அவர் ஒருபோதும் முப்பது மாத்திரை சேர்த்து வாங்கியதில்லை. பத்து வாங்குவார், அப்புறம் இருபது நாள் கழித்து வருவார். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார் என்பது கேட்காமலே புரியும். மார்ச் கடைசியில் வந்தவரிடம் விலை குறைந்துவிட்டது என்று சொன்னேன். "இது டூப்ளிகேட் இல்லையே தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு முப்பது வாங்கிக்கொண்டு போனார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே மாதத்தில் என் கடைக்கு வந்த சீட்டுகளைப் பார்த்தால் வேறு கதை. பாதிக்கு மேல் சீட்டுகளில் எழுதியிருந்தது விலை குறைந்த பிராண்டுகள் அல்ல. எந்த ரெப் மருத்துவரை அதிகம் பார்த்தாரோ அந்த பிராண்ட். மருத்துவர் எழுதிய பெயரை மாற்றி வேறொன்றைக் கொடுக்க எனக்குச் சட்டப்படி உரிமை கிடையாது. இன்னொரு பக்கம், ரெப்பே இல்லாமல் நேராகக் கடைகளுக்கு மட்டும் வரும் ஜெனரிக் இருக்கிறது. அதில் அட்டையில் ஒரு எம்.ஆர்.பி., எங்களுக்கு வரும் விலை அதில் கால்வாசி. மீதி யாருக்குப் போகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, காப்புரிமை முடிந்தால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் சில்லறைக் கடையில் அது பாதியளவு உண்மை. நோயாளி இங்கே விலை பேசுவதில்லை. அவர் சார்பில் பேசுபவர்கள் எல்லோருக்கும் வேறு கணக்கு இருக்கிறது.

போட்டி முழுதாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அது அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க நீங்கள் விடும் டெண்டர்.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019இல் ஒரு கணக்கு வெளியிட்டது. காப்புரிமை போன மருந்துக்கு ஒரே ஒரு ஜெனரிக் வந்தால் விலை மூல பிராண்டைவிட 39 சதவீதம்தான் குறைகிறது. இரண்டு வந்தால் 54. நான்கு வந்தால் 79. ஆறு அல்லது அதற்கு மேல் வந்தால் 95 சதவீதத்தைத் தாண்டுகிறது. தேதி முடிவது கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். விலையை இறக்குவது உள்ளே வரும் ஆட்களின் எண்ணிக்கை. ஆறு கம்பெனிகளைத் திரட்டி, மூடிய உறையில் விலை கேட்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே கையாக வாங்கும் வலு தமிழ்நாட்டில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது. தனியார் மருத்துவமனைச் சங்கிலிகளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

அந்த வலுவை நீங்கள் முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறீர்கள், அதை யாரும் மறுக்க முடியாது. 1994இல் கழகம் தொடங்கியபோது இருந்த நிலை எங்கள் தொழிலில் மூத்தவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அப்புறம் வந்த மாவட்டக் கிடங்குகள், எவ்வளவு மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக், தயாரிப்பாளர் பெயர் தெரியாதபடி சங்கேத எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரிகள், இதையெல்லாம் பார்த்துத்தான் பிற மாநிலங்கள் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

ஒரு தற்செயலைக் கவனியுங்கள். கழகம் மருந்து வாங்கி விநியோகிக்கத் தொடங்கிய 1995இல்தான் உலக வர்த்தக அமைப்பும் தொடங்கியது. ஆனால் அதன் ஒப்பந்தப்படி மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கொடுப்பதை இந்தியா 2005 ஜனவரி வரை தள்ளிவைத்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதுவரை செய்முறைக்கு மட்டும்தான் காப்புரிமை. வேறு செய்முறையில் அதே மருந்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்தக் காலத்தில்தான் சிப்லா 2001இல் எய்ட்ஸ் கூட்டுமருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. மேலை நாட்டு விலை 10,000 டாலருக்கு மேல் இருந்தது. உங்கள் கொள்முதல் முறை உருவாகி ஊன்றியது அந்தப் பத்து ஆண்டுகளில். மருந்தின் பெயரைப் பட்டியலில் எழுதினால் விலைப்புள்ளி கொடுக்க நாலு பேர் வருவார்கள் என்ற நிலை. காப்புரிமை என்ற ஒன்றைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே கழகத்துக்கு அப்போது இல்லை.

இன்று அந்தத் தேவை வந்துவிட்டது. 1995க்கும் 2005க்கும் இடையே விண்ணப்பித்துக் காத்திருந்து, 2005க்குப் பின் காப்புரிமை பெற்ற மருந்துகள் 2015 முதல் ஒவ்வொன்றாக முடிந்து வந்தன. வில்டாக்ளிப்டின் 2019 டிசம்பர். டாபாக்ளிஃப்ளோசின் 2020 அக்டோபர். சிடாக்ளிப்டின் 2022 ஜூலை. லினாக்ளிப்டின் 2023 ஆகஸ்ட். அப்புறம், புதிய சட்டம் வந்த பின் 2005 மார்ச்சில் விண்ணப்பித்த எம்பாக்ளிஃப்ளோசின். சர்க்கரை நோய்க்கு மட்டும் சொன்னேன். இதயத்துக்கும் ரத்தம் உறைவதற்கும் புற்றுநோய்க்கும் இதேபோல் தனித்தனி வரிசை இருக்கிறது. வரும் பத்து ஆண்டுகளுக்கும் இது நிற்கப்போவதில்லை.

அரசுக் கொள்முதல் அமைப்பால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிடாக்ளிப்டின் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. செப்டம்பர் நடுவில் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து 60 ரூபாய்க்கு வந்துவிட்டது. இரண்டரை மாதத்துக்குள். முன்கூட்டியே திட்டமிட்டால் அரசாலும் முடியும். நம் முதல்வர் மருந்தகங்கள் 1,000 கடைகளோடு திறக்கப்பட்டது 2025 பிப்ரவரி 24இல். எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து. புதிய கடைக்கு இதைவிட நல்ல முதல் சரக்கு எது? அந்த மாத்திரை உங்கள் பட்டியலுக்கும் அந்தக் கடைகளின் அலமாரிக்கும் எந்த மாதத்தில் வந்தது, மேலே நான் சொன்ன ஐந்துக்கும் காப்புரிமை முடிந்த நாளுக்கும் கழகத்தின் முதல் கொள்முதலுக்கும் இடையே எத்தனை மாதம் என்ற கணக்கைக் கழகமே ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடைவெளி குறைவு என்றால் மகிழ்ச்சி. இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

சரி, எந்த மருந்தின் காப்புரிமை எப்போது முடிகிறது என்று கழகம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டிய நாட்காட்டிக்கு வருகிறேன். வைப்பது சுலபம் என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை, அதனால்தான் இதற்கென்று ஒரு ஆள் வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் எந்த மருந்துக்கு எந்தெந்தக் காப்புரிமை இருக்கிறது என்று அரசே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. காப்புரிமை அலுவலகத்தின் தேடுபக்கத்தில் போய் எம்பாக்ளிஃப்ளோசின் என்று தட்டிப் பார்த்தால் அடிப்படைக் காப்புரிமை அகப்படாது. அதன் தலைப்பில் அந்தப் பெயரே இல்லை. குளுக்கோபைரனோசில் சேர்ந்த ஃபீனைல் வழிப்பொருள்கள் என்பதுபோல ஏதோ இருக்கும். வேதியியல் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து அமைப்பு வரைபடத்தைப் பார்த்துத்தான் இது அதுதான் என்று சொல்ல முடியும். ஐ.நா. ஆதரவோடு இயங்கும் மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு மெட்ஸ்பால் என்ற தரவுதளத்தை இலவசமாக வைத்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். எல்லா மருந்தும் அதில் இருக்காது.

அடுத்த சிக்கல், ஒரு மருந்துக்கு ஒரு தேதி மட்டும் இருப்பதில்லை. டாபாக்ளிஃப்ளோசினுக்கு முதல் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது. அதே கம்பெனியிடம் 2023 மே வரை செல்லும் இரண்டாவது காப்புரிமை இருந்தது. முதலாவது ஒரு பெரிய மூலக்கூறுக் குடும்பத்துக்கு, இரண்டாவது அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு. ஜெனரிக் கம்பெனிகள் துணிந்து இறங்கின, வழக்கு வந்தது. ஒரே மருந்துக்கு இரண்டு காப்புரிமைகளையும் மீறிவிட்டார்கள் என்று மூலக் கம்பெனியே சொல்கிறது என்றால் இரண்டும் ஒரே கண்டுபிடிப்புதானே என்ற கோணத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது. 2021 ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. அந்தத் துணிச்சலால் நோயாளிகளுக்கு இரண்டரை ஆண்டு மிச்சம். நாட்காட்டியில் 2023 என்று மட்டும் எழுதிவைத்திருக்கும் ஒரு கொள்முதல் அதிகாரிக்கு இது தெரியவே தெரியாது.

இதய பலவீனத்துக்குக் கொடுக்கும் சாகுபிட்ரில், வால்சார்டன் கூட்டு மாத்திரை இன்னும் வேடிக்கை. அடிப்படைக் காப்புரிமை 2023 ஜனவரியில் முடியவிருந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, 2022 டிசம்பரில், இரண்டையும் ஒரே படிகமாகச் சேர்த்த வடிவத்துக்குப் புதிதாக ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு மனுக்களை விசாரித்து 2025இல் அது ரத்தானது. நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில் எது சட்டப்படி சரி என்று தெரியாமல் எங்களைப் போன்ற கடைக்காரர்களே தயங்கினோம். அரசு அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்கியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தயக்கத்தைத் தீர்க்க ஆலோசனை சொல்லும் ஒருவர் கழகத்துக்குள்ளேயே இருந்தால் நிலைமை வேறு.

இந்த இடத்தில் உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறேன். கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. கழகத்தின் எழும்பூர் அலுவலகத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். சட்டத்தின் 25(1) பிரிவின்படி ஒரு காப்புரிமை வழங்கப்படும் முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். கம்பெனியாக இருக்க வேண்டும் என்பதில்லை, நோயாளி போடலாம், சங்கம் போடலாம். மாநில அரசின் நிறுவனம் போடக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை.

இதற்குச் சென்னையிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்டிஸின் விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது இதே சென்னை அலுவலகம்தான். எதிர்ப்பு மனு போட்டவர்களில் ஜெனரிக் கம்பெனிகளோடு புற்றுநோயாளிகளுக்கான சங்கம் ஒன்றும் இருந்தது. பழைய மருந்தின் புதிய வடிவம் நோயைக் குணப்படுத்தும் திறனில் கணிசமாக மேம்பட்டால் ஒழியக் காப்புரிமை இல்லை என்று சொல்லும் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அங்கேயும் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மாதம் 1,20,000 ரூபாய் ஆகும் மருந்தின் ஜெனரிக் அப்போதே பத்தாயிரத்துக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த மனுக்கள் இல்லாதிருந்தால் அரசு மருத்துவமனைகளில் எத்தனை பேருக்கு அந்த மாத்திரையை எழுதியிருக்க முடியும் என்று உங்கள் புற்றுநோய் மருத்துவர்களைக் கேளுங்கள்.

அண்மைய உதாரணம் காசநோய் மருந்து பெடாகுவிலின். பல மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குக் கொடுப்பது. அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டும். அதன் உப்பு வடிவத்துக்கு இன்னொன்று வாங்கி 2027 வரை இழுக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் பார்த்தது. எதிர்த்து மனு போட்டவர்களில் இரண்டு பெண்கள் உண்டு: மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. இருவரும் அந்த வகைக் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசி மருந்தால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே காசநோய் மருந்துகளை மொத்தமாக வாங்கும் உலகளாவிய மருந்து நிதியகத்தின் டெண்டரில் ஆறு மாத மருந்தின் விலை 130 டாலராக இறங்கியது. அதுவும் மூலக் கம்பெனியே கொடுத்த விலை. போட்டிக்கு லூபின் என்ற இந்திய ஜெனரிக் கம்பெனி வாசலில் நின்றது, அதனால் இறங்கினார்கள். இரண்டு நோயாளிகள் செய்த வேலையை, ஆண்டுக்குப் பல நூறு கோடி ரூபாய்க்கு மருந்து வாங்கும் ஓர் அரசு நிறுவனம் செய்ய முடியாதா?

நேரம் நம் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் வந்த காப்புரிமை விதித் திருத்தம் முன்பு கட்டணமே இல்லாதிருந்த இந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வைத்துவிட்டது. மனு ஏற்கத்தக்கதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவுசெய்வார் என்றும் சேர்த்துவிட்டது. தனி நோயாளிக்கு இது சுமை. அரசு நிறுவனத்துக்கு ஒரு பொருட்டல்ல. அந்தத் திருத்தம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, அது டெல்லியோடு பேச வேண்டிய சண்டை. இங்கே நான் கேட்பது, கதவு குறுகும்போது உள்ளே போகக்கூடிய உடம்பு உங்களுக்கு இருக்கிறது, போங்கள் என்பதுதான்.

இனி டெண்டர் நிபந்தனைகள். இங்கேதான் ஓசையில்லாமல் மாதங்கள் வீணாகும்.

அரசு மருந்துக் கொள்முதல்களில் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: விலைப்புள்ளி தரும் கம்பெனி அந்த மருந்தை இத்தனை ஆண்டு தயாரித்து விற்றிருக்க வேண்டும். போலிக் கம்பெனிகளை வடிகட்ட இது தேவை, சந்தேகமில்லை. ஆனால் நேற்றுக் காப்புரிமை முடிந்த மருந்தை மூன்று ஆண்டு விற்ற கம்பெனி என்றால் யார்? காப்புரிமை வைத்திருந்தவரும் அவரிடம் உரிமம் வாங்கியவரும்தான். நல்ல எண்ணத்தோடு போட்ட நிபந்தனை, சட்டம் முடித்துவைத்த ஏகபோகத்தை டெண்டர் வழியாக நீட்டித்துக் கொடுக்கிறது. காப்புரிமை முடிந்து மூன்று ஆண்டு ஆகாத மருந்துகளுக்கு இதைத் தனியாக எழுதுங்கள். அந்த மருந்தில் அனுபவம் கேட்காமல், அதே வகை மாத்திரைத் தயாரிப்பில் அனுபவம் கேளுங்கள். பதிலுக்கு, மூல மருந்துக்குச் சமமாக ரத்தத்தில் சேர்கிறது என்பதற்கான உயிர்ச்சமன் ஆய்வு அறிக்கையைக் கட்டாயமாக்குங்கள். எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு 2017 முதல் உரிமம் பெறவே அது கட்டாயம். மற்றவற்றுக்கும் நீங்களே கேட்டு வாங்கலாம். தரத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். நடத்துநர் ஐயா கேட்ட அந்த டூப்ளிகேட் கேள்விக்கு ஆய்வக அறிக்கையைக் காட்டிப் பதில் சொல்லும் நிலை இருக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தக் காலம். காப்புரிமை முடிய இரண்டு மாதம் இருக்கும்போது மூலக் கம்பெனியோடு ஓராண்டு, ஈராண்டு விலை ஒப்பந்தம் போட்டால், அறிந்தே கையைக் கட்டிக்கொண்ட மாதிரி. வழக்கமான ஒப்பந்தங்களில் விலை வீழ்ச்சி ஷரத்து ஒன்று இருக்கும். அதே கம்பெனி வேறு யாருக்காவது குறைவாக விற்றால் நமக்கும் அந்த விலைக்குத் தர வேண்டும் என்று சொல்லும். போட்டிக் கம்பெனி பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்றால் அந்த ஷரத்து வாயைத் திறக்காது. ஆகவே காப்புரிமை உள்ள எந்த மருந்துக்கும், காப்புரிமை முடியும் நாளில் அல்லது ரத்தாகும் நாளில் ஒப்பந்தம் தானாக முடிவடையும் என்று ஒரு வரி சேருங்கள். ஆறு மாதம் முன்பே புதிய டெண்டர் கோருங்கள், விநியோகம் தொடங்கும் தேதியாகக் காப்புரிமை முடியும் மறுநாளைக் குறிப்பிடுங்கள். முதல் ஆண்டில் மொத்த ஆர்டரையும் ஒருவருக்கே கொடுக்காமல் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்தால், ஒருவர் சரக்குத் தராமல் கையை விரித்தாலும் மருந்து வழங்குமிடம் காலியாகாது.

எல்லா மருந்தையும் ஓடிப்போய் வாங்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உடல் எடை குறைக்கும் ஊசி என்று ஊரெல்லாம் பேசும் செமாக்ளூடைடின் காப்புரிமை முடியும் தேதி 2026 மார்ச் 20 என்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். இந்த ஊசி மாத்திரையைப் போல எளிதில்லை. ஊசிப்பேனா வேண்டும், கிடங்கு முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை குளிர்ச்சி வேண்டும், யாருக்குக் கொடுப்பது என்பதற்குக் கறாரான மருத்துவ அளவுகோல் வேண்டும். அதில் நிதானமாகப் போகலாம். என்னைக் கேட்டால் முதலில் எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற ஃப்ளோசின் மாத்திரைகள். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதோடு இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகின்றன என்று தெளிவாகத் தெரிந்த பிறகு 2021இல் உலக சுகாதார நிறுவனமே அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தவை. டயாலிசிஸ் செலவையும் இந்த மாத்திரையின் டெண்டர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் கணக்குப் பிரிவு ஒருமுறை பார்க்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போகும் மாத்திரைப் பையில் தேவையானவர்களுக்கு இதையும் சேர்க்க முடியுமா என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும்.

மறுமுனையில் அரிய நோய்கள். முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கான ரிஸ்டிப்ளாம் ஒரு புட்டி 6 லட்சத்துக்கு மேல் விற்றது. காப்புரிமை 2035 வரை இருக்கிறது. ஆனால் அதன் செல்லுபடியே சந்தேகத்துக்குரியது என்று சொல்லி, அதே மருந்தைச் செய்யும் நாட்கோ என்ற ஜெனரிக் கம்பெனியைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கும் மருந்துகளுக்கும் நாட்காட்டியில் ஒரு பத்தி வேண்டும் என்பது இதனால்தான். போகிறபோக்கில் இன்னொன்று: காப்புரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, காப்புரிமை உயிரோடு இருக்கும் மருந்தைக்கூட அரசு தன் மருத்துவமனைகளில் விநியோகிக்க இறக்குமதி செய்துகொள்ளலாம் என்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்தச் சட்டத்துறையின் கருத்து, மத்திய அனுமதி என்று பல படி ஏற வேண்டியிருக்கும். குறைந்தபட்சம் ஒருமுறை கருத்தாவது கேட்டு வையுங்கள்.

இதற்கெல்லாம் புதுக் கட்டடம் வேண்டாம். மருந்து வேதியியல் படித்த ஒருவர், காப்புரிமைச் சட்டம் தெரிந்த ஒருவர், ஒரு மேசை. சென்னையில் இரண்டுக்கும் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தயாரிக்கும் பட்டியலைக் கழகத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால், தவறு இருந்தால் கம்பெனிகளே ஓடிவந்து திருத்துவார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான முதல் பட்டியலை வரும் நிதியாண்டின் மருந்துப் பட்டியல் கூட்டத்துக்கு முன்பு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே கேட்ட ஐந்து மருந்துகளின் மாதக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டப்படியும் தனியாக விண்ணப்பித்துக் கேட்கப்போகிறேன். வரும் பதிலை இந்த மடலோடு சேர்த்து வெளியிடுவேன்.

இப்படிக்கு,
தென்மாவட்டத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர்